இறந்தார் விட்டுச் சென்ற கணக்கு

இல்லத்து மூத்தவர் மறைந்தபின் எஞ்சுவன நிலமும் நகையும் மட்டுமல்ல. அவர் தீர்க்காது விட்ட கடனும் ஆறாது விட்ட மனத்தாங்கலும் உடன் எஞ்சுகின்றன. முன்னவற்றைப் பங்கிட விரையும் நாம் பின்னவற்றை என் செய்கிறோம்?

நம் தமையனார் 2019இல் திடீரென மறைந்தார். அவருடைய பெட்டியில் ஒரு கணக்கேடும் ஒரு கோப்பும் இருந்தன. அடுத்த தெருவில் வாழும் கைம்பெண் ஒருவரிடம் 2014இல் பெற்ற கைமாற்று 25,000 ரூபாய் என்பது ஏட்டுக் குறிப்பு. அவ்வம்மையாரோ தாம் தந்தது 40,000 என்றார். பத்திரம் ஏதுமில்லை. கோப்பில் இருந்தவை, தம் நெல்லை எடை குறைத்து வாங்கினார் என ஒரு வணிகர்மீது தமையனார் எழுதிய மனுக்களின் படிகள்.

“அத்தை, காலங்கடந்த கடன் கடனே ஆகாது” என்றான் மூத்த மருமகன். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கைமாற்றுக்கு மூன்றாண்டே தருகிறது, உண்மை. ஆயினும் அச்சட்டம் வழக்கின் வாயிலை அடைக்கிறதேயன்றிக் கடனை அழிப்பதில்லை. காலங்கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அது செல்லும் என 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. வியப்பு யாதெனில், அதே மருமகன் அதனினும் பழைய நெல் பாக்கியை வணிகரிடம் கேட்க வேண்டும் என்றான்!

தந்தையின் கடனை அடைப்பது மைந்தர்க்குப் புனிதக் கடமை என்று முன்னாளில் நீதிமன்றங்கள் கொண்டிருந்தன. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம், சமணராகிய நமக்கும் பொருந்துவது, அதற்குப்பின் எழும் கடன்களுக்கு அக்கொள்கையை நீக்கிவிட்டது. நம் அறமும் அதைச் சார்ந்ததன்று. ஒருவர் வினையை மற்றொருவர் கழிக்க இயலாது. மக்கள் பணம் கட்டினால் தந்தையின் உயிர் நற்கதி எய்தும் என நாம் சொல்லலாகாது.

“அவ்வாறாயின் எதற்காக அடைப்பது?” என்றான் இளையவன். வகுப்பறையில் ஒரு மாணவன் இவ்வாறு வினவியிருந்தால் மகிழ்ந்திருப்போம். அப்பணத்தில்தான் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப்பட்டது. அக்கிணறு பாயும் நிலத்தையே மைந்தர் பங்கிட்டுக்கொண்டனர். அம்மையார் கடனாகத் தந்தாரேயன்றிக் கொடையாகத் தரவில்லை. பிறர் கொடாததைக் கொள்ளுதல் களவு எனில், இங்கே பழுதுபடுவது இறந்தவரின் விரதமன்று, இருப்பவரின் விரதம். இதன்பின் இருவரும் 25,000 தர இசைந்தனர்.

எஞ்சிய 15,000தான் கடினமாயிற்று. மோட்டார் ரசீது 38,000 எனக் காட்டியது. மீதம் எங்கிருந்து வந்தது என ஏடு சொல்லவில்லை. தமையனார் கைப்பணம் இட்டிருக்கலாம், எழுத மறந்திருக்கலாம். ஐயத்தின் பயன் பொருளை வைத்திருப்பவர்க்குச் செல்லலாகாது என்பது நம் எண்ணம். ஆயின் நம் எண்ணத்திற்காக மூத்தவனின் பங்கில் கைவைப்பதும் முறையன்று. எனவே இளையவன் பாதியும், நம் ஓய்வூதியத்திலிருந்து நாம் பாதியும் தந்தோம். நாம் ஏமாந்தோம் என்றே மூத்தவன் இன்றும் கருதுகிறான்.

நெல் பாக்கியைக் கேட்கவில்லை. கடன் நிலத்தோடு வந்தது. சினம் அவ்வாறு வருவதன்று. ஆனால் மனு ஒன்றில் தமையனார் அவ்வணிகரின் தந்தையையும் இழித்து எழுதியிருந்தார். அவ்வாண்டு தசலக்ஷணப் பர்வம் முடிந்து க்ஷமாவணி நாளன்று நாமே அவர் கடைக்குச் சென்று, அச்சொல்லுக்காகப் பொறுத்தருள வேண்டினோம். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். எடையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.