செய்யாமையின் விலை

ஒருவன் தன் வேலையை விற்கலாம். வேலை செய்யாதிருப்பதை விற்கலாமா? தூத்துக்குடியில் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். கொழும்பு மார்க்கம் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. சுதேசிக் கம்பெனி முதலில் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தது. வெள்ளைக் கம்பெனி நெருக்கவே ஷா லைன் கப்பலைத் திருப்பிக்கொண்டது. பிறகு கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வ.உ.சி. விலகிக்கொண்டால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாகவும் பேசினார்கள் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவர் வாங்கவில்லை. தேசபக்தி என்ற ஒரு வார்த்தையில் இதை நாம் முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த லட்சம் கப்பலுக்கு விலை அல்ல, உழைப்புக்கும் அல்ல. அவர் சும்மா இருப்பதற்கு விலை.

இன்று இதே சரக்கு மலிவாகக் கைமாறுகிறது. துறைமுகத்தில் நாலைந்து கிளியரிங் ஏஜெண்டுகளுக்கு உதிரியாகப் பத்திரங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒருவனை நினைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் இல்லை. வேலைக்குத் தக்க கூலி. ஒரு ஸ்தாபனம் அவனிடம் நீட்டும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: எங்கள் வேலை முடிந்த பின்னும் இரண்டு வருஷம் இதே தொழிலில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. அந்த இரண்டு வருஷத்துக்குப் பணம் என்று எதுவும் எழுதப்படவில்லை.

அனுபவஸ்தர்கள் சொல்வார்கள்: "போட்டுவிடு, செல்லாது." சட்டப்படி அது சரியே. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, நியாயமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவருக்குத்தான் விலக்கு. வேலை ஒப்பந்தம் நடப்பிலிருக்கும் காலத்துத் தடை வேறு என்று 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஆளின் ஷரத்து வேலை முடிந்த பிறகு தொடங்குவது.

செல்லாது என்றால் கையெழுத்திட என்ன தயக்கம்? தார்மீகப் பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது. செல்லாது என்பது எழுதிய ஸ்தாபனத்துக்கும் தெரிந்திருக்கும். கோர்ட்டில் உபயோகப்படாத காகிதம் வேறெங்கோ உபயோகப்பட வேண்டும். அந்த இடம் கையெழுத்திட்டவனின் மனசு. வாக்கு என்றால் வாக்கு என்று நினைப்பவன் இரண்டு வருஷம் வீட்டில் உட்காருவான். நினைக்காதவன் மறுநாளே அடுத்த கம்பெனியின் படியேறுவான். செல்லாத ஷரத்து நாணயஸ்தனை மட்டும் தண்டிக்கிறது.

1874இல் கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கு இதைக் காட்டுகிறது. ஒரே பேட்டையில் போட்டிக் கடைக்காரர்கள். உன் கடையை மூடினால், உன் வேலையாட்களுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணத்தை நான் தருகிறேன் என்றான் ஒருவன். மற்றவன் மூடினான். பணம் வரவில்லை. வழக்குப் போட்டான், ஒப்பந்தமே செல்லாது என்று தோற்றான். சட்டம் தொழிலின் சுதந்திரத்தைக் காப்பாற்றியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன்தான் நஷ்டப்பட்டான்.

ஸ்தாபனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தன் வாடிக்கையாளர்களையும் கட்டண விவரங்களையும் நம்பி ஒருவனிடம் காட்டுகிறது. இதற்கு இந்தக் கடற்கரையே ஓர் அளவுகோல் தருகிறது. முத்துக்குளிப்பில் எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று சோதித்து நாள் குறித்தது சர்க்கார். சிப்பியில் சர்க்காருக்குப் பங்கும் உண்டு. அது நியாயமோ அநியாயமோ, கணக்குத் தெளிவு. மூச்சு மட்டும் குளியாளியுடையது. இங்கே குளித்தவர்கள் மன்னார்ப் பக்கம் குளிப்பு நடந்தபோது அங்கும் போய்க் குளித்தார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றபோதும் மூழ்கத் தெரிந்தவனுக்குச் சங்கு இருந்தது. வாடிக்கையாளர் பட்டியல் பார் மாதிரி. காட்டியவனுக்குச் சொந்தம், அதை வெளியிடமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதில் இழுக்கில்லை. கைத்திறன் மூச்சு மாதிரி. அதை அடகு கேட்பவனுக்கு அதில் பங்கே இல்லை.

1908இல் ராஜத்துரோகத் தண்டனை பெற்ற வ.உ.சி.யின் வக்கீல் சன்னதையும் சர்க்கார் பறித்தது. வெளியே வந்தபின் வருஷக்கணக்கில் அவர் தன் தொழிலைச் செய்ய முடியவில்லை. ஒரு ராஜ்யம் தன் விரோதிக்கு விதித்த தண்டனை அது. இன்று குற்றம் ஏதும் இல்லாமலே அதைக் கையெழுத்தாகக் கேட்கிறார்கள்.

அடுப்பு எரியாத வீட்டில் இருப்பவன் கையெழுத்துப் போட்டால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது மிரட்டி வாங்கிய சொல். அதை மீறுவது பொய்யாகாது. மறுக்க முடிந்தவனின் விஷயம் வேறு. செல்லாது என்று தெரிந்து சிரித்துக்கொண்டே கையெழுத்திடும்போது, தன் சொல்லும் செல்லாது என்பதை அவன் முதல் தடவையாகப் பழகிக்கொள்கிறான். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்திடலாம். வேலை கைவிட்டுப் போகலாம். மூச்சு கையில் இருக்கும்.