பந்தியில் பிறந்த தத்துவம்

என் நண்பன் ஒருவன் பாதிரியார். கல்லூரியில் என்னோடு படித்தவன். பிறகு இறையியல் கல்லூரிக்குப் போய்க் கிரேக்கமும் எபிரேயமும் கற்றுக்கொண்டு, தெற்கே ஒரு கிராமத்துச் சபைக்கு வந்து சேர்ந்தான். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது வேறு பல ஊர்களிலும் நடப்பதுதான்.

ஒரு சமயம் நாலு நாள் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். வீடு நிறையப் புத்தகம். மனிதன் மீட்படைவது அவன் செய்யும் நற்கிரியையாலா, வெறும் விசுவாசத்தாலா என்று இரவு பதினொரு மணி வரைக்கும் பேசுவான். நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் நன்றாக யோசிக்கிறவன் பேச்சைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டல்லவா?

"இதையெல்லாம் உன் சபையாரிடம் சொல்வாயா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "அவர்களுக்கு வேண்டியது மழைக்கு ஒரு ஜெபம், பிள்ளைக்கு ஞானஸ்நானம், செத்தால் அடக்கம். தத்துவம் எனக்கு, ஊழியம் அவர்களுக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருவிருந்து ஆராதனை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியண்டை முழங்காற்படியிட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. ஆனாலும் வரிசை பிசகவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாங்கித் திரும்பி வந்து உட்கார்ந்தபின், கீழத்தெருவிலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். அவர்களிலும் கடைசியாக ஒரு கிழவி.

மத்தியானம் சாப்பிடும்போது அதைக் கேட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"வழக்கம். நான் வருவதற்கு முன்பே அப்படித்தான். கோயில் ஒழுங்குப்படி கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைக் குருவானவர்தான் குடித்து முடிக்க வேண்டும். அந்தப் பாட்டி வாய் வைத்தபின் அதே கிண்ணத்தில் நான் வாய் வைக்கிறேன். அது போதாதா?"

"நீ குடிப்பது பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு. உன் முதுகைத்தானே சபை பார்க்கிறது?" என்றேன். அதற்கு மேல் இருவரும் மோர்ச் சாதத்தில் கவனமாக இருந்தோம்.

இந்தத் தர்க்கம் பழசு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பாதிரிமார் தொடங்கிய சபைகளிலேயே சாதிவாரியாகத் தனி இருக்கை இருந்தது. சில இடங்களில் கிண்ணமே இரண்டு. 1798இல் தஞ்சாவூரில் காலமான சுவார்ட்ஸ் பாதிரியார், இது நாளடைவில் தானே தேய்ந்துவிடும் என்று பொறுத்துப் போனவர். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் பொறுக்கவில்லை. சபையில் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சபையை விட்டு எழுந்து போனார்கள்.

அதற்குச் சில வருஷம் முன்னாலேயே புதுப் பாதிரிமாரோடு மல்லுக்கு நின்றவர் வேதநாயக சாஸ்திரியார், சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை. எனக்கு அவர் பேரில் கோபமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. சாதியை விடு என்று சொன்ன அதே வாய், பண்டிகைக்குப் பூ வேண்டாம், கோயிலில் உன் கீர்த்தனை வேண்டாம், பழைய வேத மொழிபெயர்ப்பும் வேண்டாம் என்றது. பூவிலும் பாட்டிலும் நியாயம் அவர் பக்கம். சாதியில் இல்லை. ஆனால் நாலும் ஒரே மூட்டையாக வந்து இறங்கினால், அவமானப்பட்ட மனிதன் எதைப் பிரித்துப் பார்ப்பான்?

கத்தோலிக்கர் கதையும் வேறல்ல. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குப் பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்கும் கூடம் இரண்டு. 1910இல் நடுத் தடுப்பை இடித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.

சுவார்ட்ஸா, வில்சனா? பொறுமை நல்ல குணந்தான். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் பொறுமையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டும்.

அன்று இரவு தூக்கம் வராமல் நண்பனுடைய வேதப் புத்தகத்தைப் புரட்டினேன். கலாத்தியருக்குப் பவுல் எழுதிய கடிதம். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து சிலர் வருகிறார்கள். பேதுருவுக்குப் பயம், மெல்ல விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டிக்கிறார். அந்தச் சண்டையைச் சொன்ன கையோடுதான், மனிதன் நீதிமானாவது விசுவாசத்தினாலே என்ற கொள்கை அந்தக் கடிதத்தில் வருகிறது. பிற்பாடு லூத்தர் ஐரோப்பாவைக் கலக்கியதும், என் நண்பன் பதினொரு மணி வரை பேசியதும் இதே கொள்கைதான். ஒரு பந்தியில் எவன் யார் பக்கத்தில் உட்காருவது என்ற தகராறு!

காலையில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "கிரேக்கத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். பந்தி என்று படிக்கவில்லை" என்றான்.

ஆறு மாதம் கழித்து அங்கே மறுபடி போயிருந்தேன். திருவிருந்து நாள். அவன் பேதுருவின் கதையைச் சொன்னான். உள்ளூரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு, "இன்றைக்குப் பின் பெஞ்சிலிருந்து வாருங்கள்" என்றான். கோயில் அப்படியே உறைந்துவிட்டது. முன்வரிசையில் மூன்று குடும்பங்கள் எழுந்து வெளியே நடந்தன. கிழவி கைகால் நடுங்கப் போய் முழங்காற்படியிட்டாள். கிண்ணத்தைப் பிடித்திருந்த அவன் கையும் நடுங்கிற்று.

ஆராதனை முடிந்ததும் கிழவியை வேப்பமரத்தடியில் பார்த்தேன். "சந்தோஷந்தானா, பாட்டி?" என்றேன். எத்தகைய அசட்டுக் கேள்வி!

"என்ன சந்தோசம், ஐயா? ஐயரு என்னைய வச்சில்லா சண்ட போட்டுட்டாரு! வெளிய போனவுக வயல்லதான் நாளைக்கு நான் களை பிடுங்கணும். ஒரு வார்த்த என்ட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் படித்தவர்கள்.

"அப்போ அடுத்த மாசம் பழையபடி கடைசியில்தான் போவீர்களா?"

அவள் முந்தானையை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அதெப்படி? கூப்பிட்ட பொறவு போவாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, ஆட்டை அவிழ்க்க நேரமாகிறதென்று கீழத்தெருப் பக்கம் நடந்தாள்.