30 மீட்டர் கடல்

ஜப்பானில் ஒகயாமா கரையை ஒட்டி நாகஷிமா என்றொரு தீவு. கடல் மிகக் குறுகும் இடத்தில் கரைக்கும் தீவுக்கும் இடைவெளி சுமார் 30 மீட்டர்தான். 1930-இல் அங்கே அரசு தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லம் திறந்தது. பாலம் வந்தது 1988-இல், அதுவும் உள்ளே இருந்தவர்கள் பல வருடம் கேட்டுக் கேட்டுப் போராடிய பிறகு.

தீவில் இறங்கியதும் கிருமிநாசினிக் குளியல். கையிலிருந்த பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். சொந்தப் பெயர் வெளியே தெரிந்தால் ஊரிலிருக்கும் தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது. உள்ளேயே கல்யாணம் செய்துகொள்ள நினைத்த ஆண்களுக்குக் கருத்தடை அறுவை. மருந்து 1940-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. அடைத்துவைக்கும் சட்டம் ரத்தானதோ 1996-இல். நோய் போன பிறகும் எத்தனையோ பேர் நோயாளிகளாகவே கிழடானார்கள். இறந்தபின் அஸ்தியை வாங்கக்கூடப் பல வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. அவை இல்லத்திலேயே ஒரு மண்டபத்தில் இருக்கின்றன.

இந்தத் தீவுக்கு மனநல மருத்துவராக வந்தவர் மியெகோ காமியா. இங்கே அவர் கண்டதும் கேட்டதும்தான் 1966-இல் வெளியான ‘இகிகாய் (வாழ்வதற்கான பிடிப்பு) பற்றி’ என்ற நூலுக்கு அடிப்படை. (இன்று நீண்ட ஆயுளுக்கான குறிப்புகளாக விற்பனையாகும் இகிகாய் புத்தகங்களுக்கு வெகுகாலம் முந்தையது இது.) நாளைக்கென்று எதுவும் இல்லை, பொழுது வெறுமனே போகிறது என்று பலர் அவரிடம் சொன்னார்கள். அதே வேலிக்குள், அதே சோற்றைத் தின்றுகொண்டு, வாழ்வில் பிடிப்போடு இருந்த சிலரையும் அவர் கண்டார். உடம்பு அதிகம் சிதைந்தவர்தான் அதிகம் நொறுங்கியிருப்பார் என்ற கணக்கு அங்கே சரிவரவில்லை.

அந்தத் தீவில் பார்வையிழந்தவர்கள் சேர்ந்து ‘நீலப்பறவை’ என்ற ஹார்மோனிகாக் குழு நடத்தினார்கள். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் பிரெய்ல் புள்ளிகளை நாக்கால் தடவிப் படித்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுடைய மன உறுதியைப் புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. பூட்டியவனுக்கு அது வசதியாகிவிடுகிறது. காமியாவே அந்தப் பூட்டை எதிர்த்துக் குரல் கொடுக்கவில்லை என்ற விமர்சனம் ஜப்பானில் உண்டு, அது நியாயமானதும்கூட. நான் யோசிப்பது வேறு. குழு என்று இருந்தால் ஒருவர் ஒத்திகைக்கு வராதபோது மற்றவர்கள் “எங்கே அவர்?” என்று கேட்பார்கள். பெயரைக்கூடத் தொலைத்துவிட்டு வந்த ஒருவரை அந்தக் கேள்வி எப்படித் தொட்டிருக்கும்!

ஒதுக்கப்பட்டவரின் மனம் நொறுங்குவது வலியால் மட்டும் இல்லை. தான் இல்லாவிட்டாலும் எதுவும் நிற்காது என்று தெரியவரும்போது அது நொறுங்குகிறது. அன்பு காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாமே அதைத் தெரியவைக்கிறோம். “பாவம், நீங்க உட்காருங்க” என்று கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்கிறோம். திட்டி விரட்டினால் எதிர்த்துப் பேசலாம். இந்தக் கரிசனத்தை எதிர்த்து என்ன பேசுவது? மனம் மீள வேண்டுமானால் அவரிடம் நாம் எதையாவது கேட்க வேண்டும்: உழைப்பை, யோசனையை, சண்டையைக்கூட.

நம் நாட்டில் தொழுநோய்க்குக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் போய்விடும். ஆனாலும் 2019 வரை விவாகரத்து கேட்க இந்த நோயைச் சட்டமே ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த வரியை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. வீட்டில் அவர்களுக்கென்று ஒதுக்கிய தனித் தட்டையும் தனி டம்ளரையும் நாம்தான் தூக்கிப்போட வேண்டும்.

உங்கள் சொந்தத்தில் மருந்து சாப்பிட்டு முடித்தவர் யாராவது இருந்தால் அடுத்த கல்யாணத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வையுங்கள். வந்ததும் நாற்காலி போட்டு ஓரமாக உட்காரவைத்துவிடாதீர்கள். பந்தியில் பரிமாறச் சொல்லுங்கள்.