இரண்டாம் சுற்றை வாசிப்பது யார்?

2004இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியில் பாடகி கே.டி. டன்ஸ்டால் தனியாகவே மேடையேறினார். கிட்டாரைத் தட்டும் ஓசை, குரல் என ஒவ்வொன்றாக, பதிந்த ஒலியைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடும் அகாய் ஹெட்ரஷ் லூப் பெடலில் பதிந்து, அதன்மேலேயே பாடினார். அப்படியானால் இரண்டாம் சுற்று யாருடையது? அவருடையதா, பெடலுடையதா?

தத்துவஞானி கீர்க்ககார்ட் 1843இல் 'மீள்நிகழ்வு' நூலில் இதையொத்த கேள்வியைத்தான் குடைந்தார். கதைசொல்லி தன் பழைய பெர்லின் பயணத்தை மறுபடி வாழப் பார்க்கிறான். ஒன்றும் ஒட்டவில்லை.

பெடலிலோ ஒலி அச்சு மாறாமல் திரும்புகிறது. கேட்கும் காதுதான் மாறிவிடுகிறது. பிழையும் அப்படியே திரும்பும்! மிதிக்கும் கால் ஓர் இமைப்பொழுது பிந்தினால் அந்த நொண்டல் சுற்றுக்குச் சுற்று கூடவே வரும். பாஸ் ஆர்சி-1 என்ற லூப் பெடலில் மிதியை அழுத்திப் பிடித்தால் கடைசி அடுக்கு அழியும். நிறுத்த, சட்டென இருமுறை மிதிக்க வேண்டும். மேடைப் பதற்றத்தில் அது வம்பு. நிறுத்தத் தனி மிதி உள்ள பெடல் இடத்தை அடைத்தாலும் அதுவே தோது.