சின்ன ஜாடி

நாளைக்கு என்று எடுத்துவைப்பது நல்ல குணமா, கெட்ட குணமா என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். நாம் எடுத்துவைத்தால் அது முன்யோசனை. அடுத்த வீட்டுக்காரன் எடுத்துவைத்தால் அது கஞ்சத்தனம். எனக்கும் வெகு காலம் வரையில் இந்த அபிப்பிராயந்தான். அதைக் கலைத்தது எந்தப் பெரிய புத்தகமும் அல்ல. ஒரு மாவடு ஜாடி.

என் அம்மா ஊறுகாய் போடுவதில் கைதேர்ந்தவள். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு அழகர்மலைப் பக்கத்திலிருந்து வடு வந்துவிடும். கூடையைத் திண்ணையில் இறக்கச் சொல்லி, காம்பு முறியாத வடுவாக ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். அடிபட்டது ஒன்று உள்ளே போனாலும் ஜாடி முழுவதும் வீணாகிவிடும் என்பது அவள் கட்சி. கழுவி, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் போன பிறகு விளக்கெண்ணெய் தடவிப் புரட்டுவாள். அப்புறம் கல்லுப்பும் மஞ்சள் பொடியும். ஒரு கிலோ வடுவுக்குச் சுமார் 150 கிராம் உப்பு என்பது அவள் கைக்கணக்கு. அளந்து பார்த்தவன் நான். அவள் ஒரு நாளும் அளந்ததில்லை. இரண்டு மூன்று நாளில் வடு தண்ணீர் விட்டுக்கொள்ளும். தினமும் ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். ஒரு வாரத்தில் தோல் சுருங்கியதும், ஊறிய அந்த உப்புத் தண்ணீரிலேயே மிளகாய்ப் பொடியையும் கடுகுப் பொடியையும் கரைத்து ஊற்றி, வாய்க்கு வேடு கட்டி, இருட்டறையில் வைத்துவிடுவாள்.

கொல்லையில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் காய்த்துக் கொட்டும் காலத்தில் அவை மோரில் ஊறி மொட்டை மாடியில் காயும். செடிக்கு நிதானம் கிடையாது. கொடுத்தால் ஒரேயடியாகக் கொடுக்கும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஒன்றுமே கொடுக்காது. அந்த ஏற்றத்தாழ்வை மனிதன் சரிக்கட்டிக்கொண்ட சாமர்த்தியத்துக்குத்தான் வற்றல் என்றும் ஊறுகாய் என்றும் பெயர். கெடுதலைச் செய்யும் கிருமிக்குத் தண்ணீர் வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, வெயில் உறிஞ்சிவிடுகிறது, மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

எங்கள் வீட்டில் மாவடுவுக்கு இரண்டு ஜாடிகள் உண்டு. பெரியது இருட்டறையில். சின்னது அடுக்களை மாடத்தில். வாரத்துக்கு ஒரு முறை, உலர்ந்த மரக்கரண்டியால் பெரியதிலிருந்து சின்னதுக்கு அம்மா எடுத்துவைப்பாள். “பெரிய ஜாடியை நினைத்தபோதெல்லாம் திறந்தால் ஈரம் பட்டுப் பூஞ்சை பூத்துவிடும்” என்பாள். வாசலில் வந்து கேட்பவர்களுக்கும், ஜுரம் வந்து வாய் கசந்து கிடக்கும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் போவது சின்ன ஜாடியிலிருந்துதான். எங்களுக்குச் சாப்பாட்டில் ஆளுக்கு இரண்டு வடு என்பது சட்டம். அதெல்லாம் ஊறுகாய் கெடாமலிருக்கச் செய்த ஏற்பாடு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சு தேசத்தில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு மிட்டாய்க்காரர் இருந்தார். உணவைக் கண்ணாடிச் சீசாவில் அடைத்து, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வைத்து, மாதக்கணக்கில் கெடாமல் காக்க வழி கண்டவர் அவர். 1810-இல் அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு கொடுத்தது. போர்க்கப்பலுக்கும் படைக்கும் உணவு வேண்டியிருந்தது, அதனால் கொடுத்தது. சீசாவில் இருப்பது ஏன் கெடவில்லை என்பது என் அம்மாவைப் போலவே அவருக்கும் தெரியாது. பாஸ்டர் வந்து கிருமியைக் காட்டுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உணவைக் காக்கத் தெரிந்துவிட்டால் மட்டும் பசி தீர்ந்துவிடுவதில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அப்போதும் இந்த நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. எப்படிக் காப்பது என்பது அடுக்களைக் கேள்வி. யாருக்காகக் காப்பது என்பதுதான் தர்மத்தின் கேள்வி.

என் கதைக்கு வருகிறேன்.

ஒரு பங்குனியில் அம்மா என் தங்கையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். தங்கை அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். அடுத்த மாதம் அழைத்துவருவதாக ஏற்பாடு. பெரிய ஜாடியில் போன வருஷத்து வடு அடியில் கொஞ்சம் இருந்தது. “அது அவளுக்கு. தொடாதே” என்று சொல்லிவிட்டுப் போனாள் அம்மா. சின்ன ஜாடி நிறைய வைத்துவிட்டுத்தான் போனாள். தனியாக இருந்தேன், தயிர்சாதம் இருந்தது. ஐந்தாம் நாள் சின்ன ஜாடி காலி.

ஆறாம் நாள் உச்சிவேளையில், வழக்கமாக வடு கொண்டுவரும் கிழவி வந்தாள். அம்மா இல்லை என்றதும் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். பழைய சோறு.

“தம்பி, ரெண்டு வடு இருந்தாக் குடுங்க. கூடை நிறையக் கெடக்கு, கடிச்சாப் பல்லுக் கூசுது” என்று சிரித்தாள்.

“இந்த வருஷம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது, பாட்டி” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உப்புக் கல் கேட்டாள். கொடுத்தேன். அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் சொன்னது பொய்யா? சின்ன ஜாடி தீர்ந்தது உண்மை. பெரிய ஜாடி இன்னொருத்திக்கென்று வைத்தது, அதுவும் உண்மை. கர்ப்பிணியான தங்கைக்கு வைத்ததை வழிப்போக்கருக்குக் கொடுத்துவிடலாமா என்று வாதிடவும் இடம் இருந்தது. இரண்டு நாள் வாதாடிப் பார்த்தேன். வக்கீல் கெட்டிக்காரன்தான், ஆனால் நீதிபதியும் நானாகவே இருந்ததால் கேஸ் ஜெயிக்கவில்லை. அம்மா திரும்பி வந்ததும் சொன்னேன்.

“நாலு எடுத்துக் கொடுத்திருக்கலாமே” என்றாள்.

“நீதானே தொடாதே என்றாய்?”

“உன்னைத் தொடாதே என்றேன். கொடுக்காதே என்றேனா?”

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. பஞ்சகாலத்தில் ஊருக்கெல்லாம் சோறு போடுகிறான். பிறகு மழை பெய்து நாடு செழித்துவிடுகிறது, உண்ண வருவாரில்லை. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். ஆனால் பலர் பசியைத் தீர்த்த பாத்திரத்தில் தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர் வாழ அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலே உயிர் விடுகிறான். முன்பு படித்தபோது, இது என்ன பிடிவாதம் என்று தோன்றியது. சின்ன ஜாடியை ஐந்து நாளில் காலி செய்த பிறகு அவன் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

எல்லோரும் ஆபுத்திரனாக முடியாது, அவசியமும் இல்லை. நாளைக்கென்று ஒரு பிடி அரிசிகூட வைத்துக்கொள்ளாத துறவியை நாம் கும்பிடுகிறோம். ஆனால் அந்தத் துறவி பிச்சைக்கு வந்து நிற்பது எடுத்துவைக்கத் தெரிந்த சம்சாரி வீட்டு வாசலில்தான். விருந்தோம்பலை வள்ளுவர் இல்லறவியலில் வைத்ததும் காரணமில்லாமல் இல்லை. ஆகவே பெரிய ஜாடி தப்பில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்கும், வரப்போகும் தங்கைக்கும், மழையில்லாத நாளுக்கும் அது வேண்டும். அதன் பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாத ஒரு சின்ன ஜாடியும் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தாலும் போதாது, அதில் நம் கை எவ்வளவு தூரம் போகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கிழவிக்கு இல்லை என்றது பெரிய ஜாடியைக் காப்பாற்ற அல்ல. அவள் பங்கை நான் முன்னமே தின்றிருந்தேன்.

பெரிய ஜாடி வடு கெட்டுப்போயிருந்தால் தண்டனை கிடைத்தது என்று ஆறுதல் பட்டிருப்பேன். கெடவில்லை. தங்கை வந்து ஆசையோடு தின்றாள். அவ்வளவு நன்றாக ஊறியிருந்தது.

அடுத்த பங்குனியில் கிழவி வந்தாள். இந்தத் தடவை அம்மா வீட்டில் இருந்தாள். பேரம் முடிந்து, படியில் கோபுரமாக அளந்து போட்டாள். வழக்கமான கொசுறும் போட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கையாலும் வடுவை அள்ளி முறத்தில் கொட்டினாள்.

“இது எதுக்குப் பாட்டி?” என்றேன்.

“போன வருசம் சீக்கிரமே தீந்துபோச்சுன்னு சொன்னீகளே தம்பி. வச்சுக்கிருங்க.”

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. வடுவைப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. உள்ளே போய்ச் சின்ன ஜாடியை எடுத்துவந்து, கிழவி தூக்குச்சட்டியைத் திறக்கும் இடத்தில், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன்.