நான்கு முழத்துப் பார்வை



முனிவர் நடந்து செல்லும் முறையை நாம் கண்டிருக்கிறோம். பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, சிற்றுயிர் எதுவும் காலடியில் படாதவாறு அடிவைப்பர். இதுவே ஈர்யா சமிதி. ஓடுகின்றவனுக்கு அந்த நான்கு முழம் போதாது. எறும்பைக் கண்ட பின்னும் அவன் கால் நில்லாது. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லையே எனலாம். ஆயினும் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து உமாஸ்வாமி ஆசாரியர் பகையுணர்வை அன்று, பிரமாதத்தையே முன்வைத்தார்.

செயற்கை நுண்ணறிவு ஓடுகின்ற ஓட்டத்தை இந்நோக்கில் காண்போம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. நான்கே திங்களில், 2023 மார்ச்சில், அதனினும் வல்ல ஜிபிடி-4 வந்தது. அதனை விஞ்சுவனவற்றைப் பயிற்றுவிப்பதை ஆறு திங்களேனும் நிறுத்துமாறு யோசுவா பெஞ்சியோ முதலிய அறிஞர் பலர் அம்மார்ச்சிலேயே கையொப்பமிட்டு வேண்டினர். ஓட்டம் நிற்கவில்லை. தாம் நின்றால் பிறர் முந்துவர் என்னும் அச்சம் அதற்கொரு பெருங்காரணம். நம் முனிசங்கமோ, நிலமெங்கும் உயிர்கள் மலியும் மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குகிறது. அனைவரும் ஒருங்கே நிற்பதால் அங்கு முந்துவாரும் பிந்துவாரும் இலர். (முனிவர்க்குப் போட்டி ஏது என்பீர்; அதுவும் உண்மையே.)

வேகம் மிகுமாயின் காக்கும் வழியும் மாறியாக வேண்டும். மெல்ல வளரும் கருவியெனில், பிழை தோன்றிய பின் திருத்தலாம், சட்டமும் இயற்றலாம். விரைந்து வளர்வதெனில், ஒன்றை ஆராய்ந்து முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். ஆகவே எல்லையை முன்னரே வகுத்தல் வேண்டும். இல்லறத்தார் ஏற்கும் திக்விரதம் இத்தகையதே. இத்திசையில் இவ்வளவே செல்வேன் என்று புறப்படுமுன் வரையறுக்கிறோம். ஆதாயம் கண்முன் தோன்றிய பின் வகுக்கும் எல்லை நிலைபெறாது.

2024 மே மாதம் சியோல் மாநாட்டில் 16 நிறுவனங்கள் ஏறத்தாழ இவ்வாறே உறுதி கூறின. பெருந்தீங்கின் வரம்பு இதுவென முன்னரே குறித்து, அதற்குள் அடக்க இயலாத கருவியை உருவாக்கவோ வெளியிடவோ மாட்டோம் என்றன. நல்லதே. எனினும் வரம்பைக் குறிப்பவரும் அதனை அளப்பவரும் பெரும்பாலும் அவர்களே. நாம் விரதத்தை ஆசாரியர் முன்னிலையில் ஏற்கிறோம். அதிசாரம் நேரின் பிராயச்சித்தம் விதிக்க ஒருவர் இருக்கிறார். அங்கு அவ்விடம் இன்னும் முற்றும் நிரம்பவில்லை.

நம் குடும்பங்களிலும் கணினிப் பணி புரியும் இளைஞர் உளர். வாள், நஞ்சு, தீ ஆகியவற்றைப் பிறர்க்குக் கொடுத்தலை ஹிம்ஸாதானம் எனப் பெயரிட்டு அநர்த்ததண்டத்துள் வைத்தனர் நம் ஆசாரியர். தான் வெட்டவில்லை என்பதனால் கொடுத்தவன் அங்கு விடுபடுவதில்லை. முடியாத சோதனையை முடிந்ததாக எழுதித் தருமாறு மேலதிகாரி அவசரப்படுத்தும் நாளில் அவ்விளைஞர்கள் நினைவுகூர வேண்டிய பகுதி அது.