சுமையும் சலவையும்

வெளியூர்ப் பயணத்துக்கு மூட்டை கட்டுவது வீட்டு வேலைகளுள் ஒன்று. அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆயினும், மனிதனுக்கு எவ்வளவு தேவை என்னும் பழைய வினாவை அறநூல்களைக் காட்டிலும் கூர்மையாகக் கேட்பது பயணப் பெட்டிதான். வீட்டில் இருக்கும்வரை பீரோவில் எத்தனை வேட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன என்று எவரும் எண்ணுவதில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்னும் நிலை வந்தவுடன் ஒவ்வொன்றும் தன் எடையைச் சொல்லத் தொடங்குகிறது. அவ்வாறு சுமையைக் குறைத்துக்கொள்வது அறத்தின்பாற்பட்டதா, அல்லது வெறும் வசதிதானா? இதனைச் சற்றே நோக்குவோம்.

நாம் வாழும் கசார்வாடி, பிம்பரி–சிஞ்ச்வடு மாநகர எல்லைக்குள், பழைய மும்பை–புணே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பகுதி. லோணாவளா செல்லும் புறநகர் இரயில் இங்கே நின்று செல்கிறது. 2022 முதல் மெட்ரோவும் நிற்கிறது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் பிம்பரி ஆலைகளையும் மத்திய அரசு அலுவலகங்களையும் நம்பி ஒரு தகரப் பெட்டியுடனும் ஒரு ஹோல்டாலுடனும் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஹிஞ்சவாடியின் கணினி நிறுவனங்கள் வழியாக ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். ஓய்வு பெற்ற பெற்றோர் அவர்களைப் பார்க்கப் புறப்படுகின்றனர். பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று வரம்பு கட்டியிருப்பதால், புறப்படும் வாரம் முழுவதும் வீட்டில் தராசுக்கு ஓய்வில்லை. வைப்பதும் நிறுப்பதும் எடுப்பதும் மீண்டும் வைப்பதுமாக இரவுகள் கழிகின்றன.

அப்பெட்டிகளுள் இரு வகைச் சுமை இருக்கக் காண்கிறோம். ஒன்று அன்பின் சுமை. சாம்பார்ப் பொடி, அப்பளம், பேரனுக்கு முறுக்கு, மருமகள் கேட்டனுப்பிய பித்தளைக் குத்துவிளக்கு ஆகியவை அதில் அடங்கும். இதனைக் குறை கூற நாம் முன்வரவில்லை. (அந்நாட்டுச் சுங்கத்தார் எதை அனுமதிப்பர் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.) மற்றொன்று அச்சத்தின் சுமை. பன்னிரண்டு புடவை, பத்துச் சட்டை, இரண்டு சால்வை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கடைசியில் திணிக்கப்பட்ட நான்கு துண்டுகள் ஆகியவை இவ்வகை. இவ்வச்சத்தைச் சற்றே கிளறினால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்பது முதலில் வெளிப்படும். போகும் ஊரில் நம்மை அறிந்தோர் நாலு பேர் இல்லை என்பதால் அது தானே தீரும். அதற்கும் கீழே இருப்பது, அங்கே துவைக்க யார் இருக்கிறார்கள் என்னும் கவலை. நம் கட்டுரைக்குப் பொருள் இதுவே.

ஒருவனுக்கு வேண்டிய உடைகளின் எண்ணிக்கை அவன் தங்கும் நாட்களைப் பொறுத்ததன்று. ஒரு சலவைக்கும் மறு சலவைக்கும் இடைப்பட்ட நாட்களைப் பொறுத்தது. நாள்தோறும் தோய்ப்பவனுக்கு மூன்று மாதத்துக்கும் மூன்று உடை போதும்: உடலில் ஒன்று, கொடியில் ஒன்று, மடிப்பில் ஒன்று. வாரம் ஒருமுறை பிறர் வந்து எடுத்துச் செல்லக் காத்திருப்பவனுக்கு எட்டுக்குக் குறையாமல் வேண்டும். இக்கணக்கைத் தம் செலவில் கற்றுக்கொண்டவர் காந்தியடிகள். 1890-களின் பிற்பகுதியில் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்தபோது சலவைக் கூலி மிகுதியாயிற்று. சலவைக்காரரோ சொன்ன நாளில் வருவதில்லை. இரண்டு மூன்று டஜன் சட்டைகளும் காலர்களும் இருந்தும் போதவில்லை என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். அவர் மேலும் ஒரு டஜன் வாங்கவில்லை. சலவைக் கலை பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்தார், சலவைக்கு வேண்டிய கருவிகளையும் வாங்கினார், மனைவிக்கும் கற்பித்தார். முதன்முதலில் தாமே தோய்த்துத் தேய்த்த காலரில் கஞ்சி மிகுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியும் போதிய சூடேறவில்லை; துணி கருகிவிடுமோ என்ற அச்சத்தால் அழுத்தித் தேய்க்கவுமில்லை. அக்காலருடன் நீதிமன்றம் சென்றபோது கஞ்சி உதிர உதிர, உடன் பணிபுரிந்த வழக்கறிஞர்கள் சிரித்தனர். காந்தியடிகள் அக்கேலியைப் பொருட்படுத்தவில்லையாம்.

இக்கதைக்குப் புணேயோடு தொடர்புடைய பிற்பகுதி ஒன்று உண்டு. 1905-இல் இந்நகரில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவிய கோபால கிருஷ்ண கோகலே, 1912-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். தம் ஆசானாகிய மகாதேவ கோவிந்த ரானடே அளித்த அங்கவஸ்திரத்தைப் போற்றிப் பாதுகாத்து, சிறப்பு நிகழ்ச்சிகளில் மட்டுமே அணிவது அவர் வழக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் அளித்த விருந்துக்கு அதனை அணிய எடுத்தபோது அது கசங்கிக் கிடந்தது. சலவையகத்துக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. தாமே தேய்த்துத் தருவதாகக் காந்தியடிகள் கூறவும், வழக்கறிஞர் என்ற முறையில் உம்மை நம்புவேன், சலவைக்காரர் என்ற முறையில் நம்பமாட்டேன் என்னும் கருத்தில் கோகலே மறுத்தார். அது பாழானால் தாங்கமாட்டாமல் ரானடேயின் நினைவைச் சொன்னார். பின்னர் இசைந்தார், வேலை செம்மையாக முடிந்தது, கோகலே பாராட்டினார். அதன் பிறகு உலகமே நற்சான்று தர மறுத்தாலும் கவலையில்லை என்று காந்தியடிகள் எண்ணினாராம். கோகலேயின் தயக்கத்தை நாம் இகழ வேண்டியதில்லை. கற்றவன் கை துணியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய ஒரு தலைமுறையின் குரல் அது. சலவை ஒரு திறமை என்பதை அவர் ஒப்புக்கொண்டார் என்றும் அதனைக் கொள்ளலாம்.

நம் தமிழகத்தில் அத்திறமைக்குக் கிடைத்த மதிப்பு யாது? ஊர்தோறும் சலவைத் தொழிலாளர் குடும்பம் ஒன்று இருந்தது. எந்த வீட்டுத் துணி எது என்பதைச் சேங்கொட்டைக் குறியால் பிரித்தறிந்து, உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, வண்ணாந்துறைக் கல்லில் அடித்து, ஊருக்கே வெண்மை தந்தனர். பிறந்த வீட்டின் தீட்டுத் துணியும் இறந்த வீட்டின் துணியும் அவர்கள் கைக்கே சென்றன. மாலையில் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கினர்; அறுவடையில் களத்து நெல் வாங்கினர். நம் உடலோடு ஒட்டியிருந்த துணியைத் தொட்ட அக்கைகள் நம் திண்ணையைத் தொடலாகாது என்றும் விதித்திருந்தோம். அழுக்கை உண்டாக்கியவன் தூயவன், அதை நீக்கியவன் தூய்மையற்றவன் என்னும் இம்முறைமையைவிடத் தலைகீழான ஒன்றை நாம் அறியோம். வெளிநாடு செல்லும் நம்மவர் பெட்டி கனப்பதற்கு இப்பழக்கமும் ஒரு காரணம் என்றால் சிலருக்குக் கசக்கலாம். தன் துணியைத் தானே தோய்ப்பது தகுதிக்குக் குறைவு என்று நெடுங்காலம் பழகிய கை, தோய்ப்பதைவிடச் சுமப்பதையே எளிதெனக் கொள்ளுகிறது. (சுமப்பதும் பெரும்பாலும் வேறொருவரே.) இல்லங்களிலோ அந்தப் பழைய இடத்தில் மனைவியர் நிற்கின்றனர். இரண்டே சட்டையோடு ஊர் சுற்றிவந்ததாகப் பெருமை பேசும் ஆடவருள் பலர், அவ்விரண்டையும் யார் தோய்த்தார் என்பதைச் சொல்வதில்லை.

சுமையைக் குறைக்கும் நெறியை நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே அளந்து வகுத்தவர் புத்தர் பெருமான். பௌத்த விநய நூல் கூறும் செய்தி இது. இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில் பிக்குகள் பலர் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சீவர மூட்டைகளைச் சுமந்து வருவதை அவர் கண்டார். இவர்கள் இவ்வளவு விரைவில் மிகுதிக்குத் திரும்பிவிட்டனரே என்று வருந்தினார். உடனே எண்ணிக்கை ஒன்றைக் கட்டளையாக வகுத்துவிடவில்லை. பனி பெய்யும் குளிர்கால இரவொன்றில் ஒரே ஆடையுடன் திறந்தவெளியில் அமர்ந்தார். முதல் யாமம் முடியும்போது குளிர்ந்தது; இரண்டாம் ஆடையைப் போர்த்தினார். நடு யாமம் முடியும்போது மூன்றாவது. விடியும் வேளையில் நான்காவது. குளிரைத் தாங்க மாட்டாத மென்மையான உடலினரும் இவ்வளவில் வாழலாம் என்று கண்ட பின்னரே, இரட்டை மடிப்பான மேற்போர்வை ஒன்று, மேலாடை ஒன்று, உள்ளாடை ஒன்று என மூன்று சீவரங்களை அனுமதித்தார். பிறருக்கு வரம்பு விதிக்குமுன் தம் உடலையே அளவுகோலாக்கினார் என்பதே இதில் நம்மைக் கவர்வது. வலியவனின் அளவை வைத்து மெலியவனை வருத்தவும் இல்லை. எளிமை பேசுவோரிடம் இப்பரிவு அரிதாகவே காணப்படுகிறது.

எளிமையின் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு ஒன்றையும் மறைக்கலாகாது. 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று வட்டமேசை மாநாட்டுக்காக ‘ராஜபுதானா’ கப்பலில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து புறப்பட்டார். உடன் வந்தோர், நண்பர்கள் தந்தவையும் தாமே சேர்த்தவையுமாகப் பெட்டிகள் பலவற்றைக் கொண்டுவந்திருப்பது கடலில் சென்ற பின்னரே அவருக்குத் தெரிந்தது. கடிந்துகொண்டார், வேண்டாதவற்றை ஏடனிலிருந்து திருப்பியனுப்பச் செய்தார். ஆயினும், அவரை ஏழையாக வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது தெரியுமா என்று சரோஜினி நாயுடு கேலி செய்ததாகச் சொல்வர். கேலியாயினும் அதில் உண்மையின் கூர் உண்டு. ஒருவர் இறக்கி வைத்த சுமை மற்றொருவர் தோளில் ஏறியிருக்கலாம். இரண்டு சட்டையுடன் சென்று, விடுதியில் சட்டைக்கு இவ்வளவு என்று கூலி தந்து வெளுக்கப் போடுபவன் இலேசாகப் பயணம் செய்கிறான் என்று எப்படிச் சொல்வது? அவன் சுமை விடுதியின் நிலவறையில், எவரோ ஒரு புலம்பெயர்ந்த பெண்ணின் கையில் இருக்கிறது. சிறு பெட்டி வைத்திருப்பது தன்னளவில் அறமாகாது என்று நாம் கருதுவது இதனாலேதான்.

தோய்க்கும் வேலையோ அஞ்சத்தக்கதன்று. இரவு குளியலறைத் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, காலரிலும் அக்குளிலும் மட்டும் சவுக்காரம் தேய்த்து, அலசிப் பிழிந்தால் கால் மணி நேரத்தில் முடியும். உலர்த்துவதில்தான் சூட்சுமம். ஈரத்துணியை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்கினால் துண்டு நீரை வாங்கிக்கொள்ளும். பருத்தி நீரை உள்வாங்கி வைத்திருக்கும் இயல்பினது. குளிர்நாட்டு அறையில் மறுநாளும் ஈரம் போகாது. பாலியஸ்டர் கலந்த துணி விடியுமுன் உலர்ந்துவிடும். நம் தந்தையர் ‘டெரிகாட்டன்’ சட்டையை வியந்ததில் பொருளில்லாமல் இல்லை. தடித்த ஜீன்ஸ் ஒன்றைத் தோய்த்தவன் மறுமுறை அதனைப் பெட்டியில் வைக்கமாட்டான். திரவப் பொருளைக் கைப்பெட்டியில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட குப்பியில் எடுத்துச் செல்லலாகாது என்னும் விதி 2006-க்குப் பின் பரவியது. கட்டிச் சவுக்காரத்துக்கு அத்தடையில்லை. மேலைநாட்டு நகரங்களில் காசு போட்டு இயக்கும் சலவைக் கூடங்களும் உண்டு. அங்கே தத்தம் துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டு மாணவரும் அலுவலரும் கூலியாளரும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர் என்று சென்றுவந்தோர் சொல்வதுண்டு. நம் வண்ணாந்துறைகளில் அவ்வாறு ஒரு பலகை போடப்படவில்லை.

எல்லோரும் தாமே தோய்த்துக்கொண்டால் அத்தொழிலை நம்பியவர் வயிறு என்னாவது என்று ஒரு நண்பர் வினவினார். நியாயமான வினாவே. கூலி தந்து வெளுக்கச் சொல்வது பாவமென்று நாம் கூறவில்லை. முதியோரும் நோயுற்றோரும் ஓயாது உழைப்போரும் பிறர் உதவியை நாடத்தான் வேண்டும். கசார்வாடியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர் இன்றும் உழைப்பவர்தாம். ஒருமுறை தன் கையால் கரை நீக்கி, பிழிந்து, மடிப்புக் குலையாமல் தேய்த்துப் பார்த்தவன் அவரிடம் ஒரு சட்டைக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடத் தயங்குவான். அத்தயக்கம் கூலியில் சேருமானால் அத்தொழிலாளருக்கு நட்டம் ஒன்றுமில்லை.

ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு முன்பாகத் தேஹுவிலிருந்து துகாராம் மகராஜின் பல்லக்கு பண்டரிபுரம் நோக்கிப் புறப்படுகிறது. அவருடைய மகன் நாராயண மகராஜ் 1685-இல் இம்மரபைத் தொடங்கியதாகக் கூறுவர். ஆகுர்டியில் தங்கி, பிம்பரி கடந்து, கசார்வாடி வழியாகத்தான் அப்பல்லக்கு புணே நகருக்குள் செல்கிறது. மூன்று வாரம் நடக்கும் வாரகரிகளுக்கு இக்காலத்தில் பெரிய மூட்டைகளைக் கொண்டுசெல்ல லாரிகள் உடன் செல்கின்றன. சரோஜினி அம்மையாரின் கேலி இங்கும் பொருந்தும் என்று நாம் நினைப்பதுண்டு. ஆனால் தங்குமிடந்தோறும் குழாயடியிலும் ஆற்றங்கரையிலும் உழவரும் கடைக்காரரும் ஆசிரியரும் அவரவர் வேட்டியை அவரவரே அலசுகின்றனர். மழைக்காலம் ஆதலால் அவை முழுதும் உலர்வதில்லை. அரை ஈர வேட்டியை உடுத்திக்கொண்டே மறுநாள் காலை தாளம் தட்டியபடி நடக்கின்றனர். பெண்களுள் பலர் தலையில் துளசி மாடம் ஒன்றைத் தாங்கிச் செல்வதைக் காணலாம். துணிமூட்டையை லாரியில் ஏற்றிய அவர்கள் இதனை மட்டும் ஏற்றுவதில்லை.